ஐந்து மணிப் பசிக்கு என்ன கொடுப்பது?

கேள்வி யாழ்ப்பாணம் கொக்குவிலில் இருக்கும் ஒரு தாயினுடையது. மகனுக்கு 15 வயது, சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கிறான். மகளுக்கு 11. தாய், தகப்பன் இருவரும் வேலைக்குப் போகிறவர்கள். மகன் ரியூசன் முடிந்து வரும் வழியில் கிழமைக்கு நாலு நாளாவது கொத்துரொட்டியோ றோல்ஸோ சாப்பிட்டு, ஒரு சோடாவும் குடித்துவிட்டு வருகிறான். இரவில் புட்டையும் இடியப்பத்தையும் தள்ளி வைக்கிறான். மகளுக்கு எந்த நேரமும் பைக்கற் நூடில்ஸ்தான் வேண்டும். கணவரின் பெற்றோர் இருவருக்கும் சலரோகம் (நீரிழிவு) என்பதால் பிள்ளைகளை நினைத்துப் பயமாக இருக்கிறது. "கடைச் சாப்பாட்டுக்குப் பதிலாக நாளாந்தம் எதைக் கொடுக்கலாம்? வேலையால் வந்து மணிக்கணக்கில் சமைக்க என்னால் முடியாது" என்று கேட்டிருக்கிறார்.

தங்கச்சி, நான் முப்பது வருடங்களுக்கு மேல் பள்ளிக்கூடத்தில் மனைப்பொருளியல் படிப்பித்தவள். இதே கேள்வியை எத்தனையோ தாய்மார் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். எல்லோரும் உணவுப் பட்டியல்தான் எதிர்பார்ப்பார்கள். நான் முதலில் மணிக்கூட்டைப் பார்க்கச் சொல்வேன்.

உங்கள் மகனுக்குப் பள்ளிக்கூடம் ஒன்றரைக்கு விடும். வீட்டுக்கு வந்து இரண்டு, இரண்டரைக்குச் சோறு சாப்பிடுகிறான். மூன்றரைக்கு ரியூசனுக்குச் சைக்கிளை எடுத்தால் வீடு திரும்ப ஏழு ஏழரை. வளருகிற ஆண்பிள்ளைக்கு ஐந்து, ஐந்தரைக்கெல்லாம் வயிறு கடிக்கும். அந்த நேரத்தில் கையில் ஒன்றும் இல்லை, பையில் காசு இருக்கிறது, ரியூட்டரி வாசலில் எண்ணெய் மணக்கிறது. இதில் அவன் புட்டை வெறுத்துக் கொத்தைத் தேடிப் போனான் என்று நான் நினைக்கவில்லை. பசித்த நேரத்தில் எது கிடைத்ததோ அதைச் சாப்பிட்டான். எட்டு மணிக்கு வீட்டில் புட்டு வைக்கும்போது அவனுக்குப் பசி இல்லை. புட்டும் ஆறி இறுகிப் போயிருக்கும். தள்ளி வைக்காமல் என்ன செய்வான்?

ஆகவே இரவுச் சாப்பாட்டை மாற்றுவதற்கு முன்னால் அந்த ஐந்து மணிப் பசிக்கு வழி செய்ய வேண்டும். அதைச் செய்தால் பாதிக் கரைச்சல் தீரும்.

பையில் போட்டுக்கொண்டு போகக்கூடியது, சூடாக்கத் தேவையில்லாதது, சிநேகிதர் முன்னால் எடுத்துச் சாப்பிட வெட்கப்படாதது, இந்த மூன்றும் பொருந்த வேண்டும். மூன்றாவதைத் தாய்மார் மறந்துவிடுகிறார்கள். பதினைந்து வயதுப் பொடியன் ரியூட்டரி வாசலில் டிபன் பெட்டியைத் திறந்து கீரைப்புட்டு சாப்பிடமாட்டான். ஆனால் கச்சான் (நிலக்கடலை) கொண்டு போனால் நாலு பேர் கை நீட்டுவார்கள். நல்லூர்த் திருவிழாவுக்குப் போய்க் கச்சான் வாங்காமல் வருகிறவர் யார்? 100 கிராம் கச்சானில் 25 கிராம் அளவில் புரதம் இருக்கிறது. ஒரு கைபிடி, அதாவது 30 கிராம் அளவு, அவனை ஏழு மணிவரை தாங்கும். வறுத்த கச்சானோடு இரண்டு கதலி வாழைப்பழம், ஒரு போத்தல் தண்ணீர். இதற்கு அடுப்பே மூட்டத் தேவையில்லை. மாம்பழக் காலத்தில் வாழைப்பழத்துக்குப் பதில் ஒரு கறுத்தக்கொழும்பான் இருந்தால் இன்னும் நல்லது.

அடுத்தது கடலை, கொண்டைக்கடலையைத்தான் சொல்கிறேன். இரவு படுக்கப் போகும்போது ஒரு பேணி கடலையை ஊறப் போடுங்கள். காலையில் சோற்றுக்கு அடுப்பு மூட்டும்போது பக்கத்தில் உப்புப் போட்டு அவித்து விடலாம், பிறஷர் குக்கர் இருந்தால் இருபது நிமிடம் போதும். கடுகு, செத்தல் மிளகாய், கறிவேப்பிலை, வெங்காயம் தாளித்து, தேங்காய்ச் சொட்டு கொஞ்சம் போட்டு, இறக்கியபின் அரைத் தேசிக்காய் பிழிந்து விடுங்கள். தேசிக்காய் ருசிக்கு மட்டுமல்ல. கடலையில், கீரையில் உள்ள இரும்புச்சத்தை உடல் சுலபமாக எடுத்துக்கொள்ள விற்றமின் சி உதவும். உங்கள் மகளுக்கு இது மிகவும் முக்கியம். பெரியபிள்ளையாகிற வயதில் இரும்புச்சத்து குறைந்தால் பிள்ளை சோர்ந்து கிடக்கும், படிப்பில் மனம் நிற்காது. சாப்பாட்டோடு சேர்த்துப் பிளேன்ரீ கொடுக்கிற பழக்கம் இருந்தால் அதையும் ஒரு மணித்தியாலம் தள்ளி வையுங்கள், தேயிலை இரும்புச்சத்தைச் சேரவிடாது. கடலைக்குப் பதில் ஒரு நாள் பயறு, ஒரு நாள் கௌப்பி. சுண்டல் செய்கிற கை எல்லாவற்றுக்கும் ஒன்றுதான்.

எள்ளுப்பாகும் நல்ல சாமான். எள்ளும் உழுத்தம்மாவும் சேர்த்து இடிக்கிற எங்கள் ஊர் எள்ளுப்பாகு ஒரு உருண்டை போதும், வயிறு நிறையும். சீனி சேர்வதால் ஒன்றுக்கு மேல் வேண்டாம். பனங்கிழங்கை அவித்துக் காயவைத்த புழுக்கொடியலும் அப்படிப் பையில் போடக்கூடியது. அதைக் கடித்துக்கொண்டு தேங்காய்ச் சொட்டும் தின்ற பிள்ளைகளை நாங்கள் கண்டிருக்கிறோம், இன்றைய பிள்ளைகளில் பலர் அதைக் கண்ணாலும் காணவில்லை. பனை அபிவிருத்திச் சபையின் விற்பனை நிலையத்திலும் கொடிகாமம் சந்தையிலும் வாங்கலாம்.

இனி இரவுச் சாப்பாடு. கொத்தில் அவனுக்கு என்ன பிடிக்கிறது என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். சூடு, உறைப்பு, குழம்பில் நனைந்த மென்மை, இடையிடையே முட்டை, கல்லில் பட்ட வெங்காயத்தின் மணம். இதில் ஒன்றுகூடக் கூடாத சாமான் இல்லை. கெடுதல் எங்கே இருக்கிறதென்றால் அடியில் இருக்கும் ரொட்டியில். வெள்ளைக் கோதுமை மாவை எண்ணெயிலோ மாஜரினிலோ ஊறவைத்து இழுத்து வீசிச் சுட்ட ரொட்டி, அதைக் கொத்தும்போது மறுபடியும் எண்ணெய், உப்பும் கூட. மரக்கறி என்று பார்த்தால் நாலு கோவாத் துண்டு. அப்படியானால் ரொட்டியை மாற்றிவிட்டு மிச்சத்தை அப்படியே வைத்துக்கொள்ளலாமே.

காலையில் அவித்த புட்டு மிஞ்சியிருக்கும். அல்லது இடியப்பம். அதைக் கையால் உதிர்த்து வையுங்கள். தாச்சியில் இரண்டு தேக்கரண்டி எண்ணெய் விட்டு வெங்காயம், பச்சை மிளகாய், கறிவேப்பிலை வதக்கி, கரட், லீக்ஸ், கோவா, போஞ்சி எது இருந்தாலும் மெல்லிதாக வெட்டிப் போட்டுப் பெரிய நெருப்பில் மூன்று நிமிடம் பிரட்டுங்கள். மரக்கறி கறுமுறென்று இருக்கவேண்டும், குழையக் கூடாது. அதை ஒரு பக்கம் ஒதுக்கி முட்டை இரண்டை உடைத்து ஊற்றிக் கிண்டுங்கள். ஒரு முட்டையில் 6 கிராம் அளவில் புரதம் உண்டு. பிறகு புட்டைப் போட்டு, மத்தியானத்துக் கறியின் குழம்பு இரண்டு அகப்பை ஊற்றிப் பிரட்டி இறக்குங்கள். ஒரு கைபிடி முருங்கையிலை கடைசியில் போட்டால் அது இருப்பதே அவனுக்குத் தெரியாது. வெட்டி வைத்த மரக்கறி பிறிட்ஜில் இருந்தால் இந்த வேலை முழுவதும் பதினைந்து நிமிடம். சனி, ஞாயிறில் அவனையே செய்யச் சொல்லுங்கள். தட்டையான கரண்டி இரண்டைக் கையில் கொடுத்தால் கடைக்காரனைப் போலத் தட்டித் தட்டிச் செய்வான். தான் கொத்தியதை ஒரு பிள்ளையும் தள்ளி வைக்காது.

புட்டை எந்த மாவில் அவிக்கிறீர்கள் என்பதும் முக்கியம். அவித்த கோதுமை மா மட்டும் என்றால் ரொட்டியை விட எண்ணெய் குறைவு என்பதைத் தவிரப் பெரிய லாபம் இல்லை. சிவப்பரிசி மா பாதி, குரக்கன் மா பாதி என்று கலந்து பாருங்கள். 100 கிராம் குரக்கனில் 300 மில்லிகிராமுக்கு மேல் கல்சியம் இருக்கிறது, நார்ச்சத்தும் நன்றாக உண்டு. தனிக் குரக்கன் புட்டு தொண்டையில் பிடிக்கும் என்று பிள்ளைகள் முறைப்பாடு சொல்வார்கள். அரிசிமா சேர்ந்தால் அது இல்லை. இளஞ்சூட்டுத் தண்ணீரில் உப்புக் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்துக் குழைத்து, தேங்காய்ப்பூவைத் தாராளமாகப் போட்டு நீத்துப்பெட்டியில் அவித்தால் மெத்தென்று வரும். நீத்துப்பெட்டி இல்லாத வீட்டில் இட்டலிச் சட்டியில் துணி விரித்து அவித்தாலும் சரிதான்.

றோல்ஸுக்கும் கட்லட்டுக்கும் என்ன செய்வது? அவித்த உருளைக்கிழங்கோடு மீனைப் பிசைந்து, மிளகுதூள், வெங்காயம், பச்சை மிளகாய் சேர்த்து வடைபோலத் தட்டி, தோசைக்கல்லில் கொஞ்ச எண்ணெய் தடவி இரண்டு பக்கமும் வாட்டி எடுங்கள். பொரிக்கிற எண்ணெயில் பத்தில் ஒரு பங்குகூடச் செல்லாது. உருளைக்கிழங்குக்குப் பதில் மரவள்ளிக்கிழங்கும் போடலாம். மரவள்ளியைத் தோல் நீக்கி நிறையத் தண்ணீரில் நன்றாக அவித்து அந்தத் தண்ணீரை ஊற்றிவிட வேண்டும். அதில் இயல்பாகவே ஒரு நச்சுத்தன்மை இருக்கிறது, அவிக்கும்போது அது போய்விடும். மீனுக்கு அறுக்குளாவும் பாரையும்தான் வேண்டும் என்று இல்லை. பாசையூரிலும் குருநகரிலும் மலிவாகக் கிடைக்கிற சூடையும் நெத்தலியும் போதும். சின்ன மீனை முள்ளோடு தின்னும்போது கல்சியமும் கிடைக்கிறது.

கடையில் பொரித்ததைப் பற்றி ஒரு விடயம் சொல்ல வேண்டும். ஒரே எண்ணெயைக் காலையிலிருந்து இரவுவரை, சில இடங்களில் மறுநாளும், திரும்பத் திரும்பக் காய்ச்சுகிறார்கள். எண்ணெய் கறுத்துத் தடித்து நுரைக்கத் தொடங்கினால் அதில் உடலுக்குக் கேடான சேர்வைகள் உண்டாகிவிட்டன என்று அர்த்தம். ஒரு தடவை எங்கள் வகுப்பு மாணவிகளோடு ஒரு சிற்றுண்டிக் கடைக்குப் போயிருந்தேன். அங்கே தாச்சியில் இருந்த எண்ணெய் கோப்பியைப் போல இருந்தது. பிள்ளைகளிடம் ஒன்றும் சொல்லாமல் கூட்டிக்கொண்டு திரும்பினேன், வழியில் ஒரு பிள்ளை தானாகவே "ரீச்சர், அந்த எண்ணெயைக் கண்டீங்களோ?" என்று கேட்டாள். கண்ணால் பார்க்கப் பழக்கினால் போதும், பிள்ளைகள் தாங்களே முடிவெடுப்பார்கள். வீட்டிலும் பொரித்த எண்ணெயைப் போத்தலில் ஊற்றி மாதக்கணக்கில் வைத்திருக்காதீர்கள்.

சோடாதான் எனக்குப் பெரிய கவலை. கொத்தை விட இதைத்தான் முதலில் நிறுத்த வேண்டும். இலங்கையில் 2016 முதல் இனிப்புப் பானப் போத்தல்களில் நிறக் குறியீடு போடவேண்டும் என்பது சட்டம். 100 மில்லிலீற்றருக்கு 11 கிராமுக்கு மேல் சீனி என்றால் சிவப்பு, 2 முதல் 11 கிராம் வரை செம்மஞ்சள், 2 கிராமுக்குக் கீழே பச்சை. பலர் சிவப்பைக் கண்டால் மட்டும் பயப்படுகிறார்கள், செம்மஞ்சள் என்றால் பரவாயில்லை என்று வாங்குகிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். 100 மில்லிலீற்றருக்கு 10 கிராம் சீனி உள்ள பானத்துக்கும் செம்மஞ்சள்தான். 250 மில்லிலீற்றர் குடித்தால் 25 கிராம், அதாவது ஆறு தேக்கரண்டி. பழத்திலும் பாலிலும் இயல்பாக இருப்பது தவிர, நாங்கள் சேர்க்கிற சீனியை ஒரு நாளைக்கு 50 கிராமுக்குக் கீழே, முடிந்தால் 25 கிராமுக்குக் கீழே வைத்திருக்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். ஒரே போத்தலில் அந்த 25 முடிந்துவிட்டது.

அதற்குப் பதில் என்ன என்றால், வெயிலில் சைக்கிள் ஓடுகிற பிள்ளைக்கு மோர்தான். வெங்காயமும் பச்சை மிளகாயும் கறிவேப்பிலையும் கிள்ளிப் போட்டு, உப்பை மட்டாகச் சேர்த்த மோர். இளநீர் கிடைத்தால் இளநீர். தேசிக்காய்த் தண்ணீருக்கு ஒரு தேக்கரண்டிச் சீனிக்கு மேல் வேண்டாம். நெல்லிரசத்தை உடம்புக்கு நல்லது என்று நம்பி விருந்தாளிக்கும் பிள்ளைக்கும் கரைத்துக் கொடுக்கிறோம். நெல்லிக்காய் நல்லதுதான், ஆனால் போத்தலில் இருப்பதில் பெரும்பங்கு சீனிப்பாகு. வருத்தமாக இருந்தாலும் இதைச் சொல்லத்தான் வேண்டும். அப்புறம் வீட்டுத் தேநீர். ஒரு கோப்பைக்கு இரண்டு தேக்கரண்டிப்படி நாளைக்கு நாலு கோப்பை குடிக்கிற வீட்டில் சோடாவை மட்டும் குறை சொல்ல முடியாது, அதுவே எட்டுத் தேக்கரண்டி. கிழமைக்கு அரைக் கரண்டி வீதம் குறைத்து வந்தால் நாக்கு பழகிவிடும். நீங்களும் கணவரும் சேர்ந்து குறையுங்கள், பிள்ளைகளுக்கு மட்டும் சட்டம் போட்டால் எடுபடாது.

இவ்வளவு சொன்னதால் ஊர்ச் சாப்பாடு எல்லாம் அமிர்தம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். பனங்கட்டியும் சீனிதான், கொஞ்சம் கனியுப்பு கூட இருக்கிறது, அவ்வளவே. சலரோகக்காரர் பனங்கட்டி என்றால் பயமில்லை என்று கடித்து அவதிப்பட்டதை என் குடும்பத்திலேயே கண்டிருக்கிறேன். பயத்தம் பணியாரமும் உழுந்து வடையும் பருப்பினால் செய்தவைதான், ஆனால் எண்ணெயில் பொரிகிறவை. கருவாடு, மோர்மிளகாய், ஊறுகாய் எல்லாம் உப்பு. நாளைக்கு 5 கிராம் உப்பு, அதாவது மட்டமாக ஒரு தேக்கரண்டி என்பதுதான் வளர்ந்தவருக்கான எல்லை, அது கறி, சம்பல், பாண் எல்லாவற்றுக்கும் சேர்த்து. சொதிக்குத் தேங்காயின் தலைப்பால் முழுவதையும் ஊற்றாமல், அடுத்ததாகப் பிழிகிற கப்பிப்பாலில் வைத்து, இறக்கும்போது தலைப்பால் இரண்டு கரண்டி விட்டால் ருசி குறையாது. புட்டின் அளவையும் பாருங்கள். சிவப்பரிசி என்பதற்காக மலைபோலக் குவித்தால் அதுவும் மாப்பொருள்தான். தட்டில் பாதி மரக்கறியும் கீரையும், கால் பங்கு புட்டோ சோறோ, மிச்சக் கால் மீன், முட்டை, பருப்பு. என் மாணவிகளுக்குக் கரும்பலகையில் வட்டம் கீறி இதைத்தான் காட்டுவேன்.

இன்னொன்று என் மனதில் கிடக்கிறது. தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடை இருந்தபோது இங்கே சீனியும் கோதுமை மாவும் தட்டுப்பாடு. பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு பிளேன்ரீ குடித்தோம். மரவள்ளியும் குரக்கனும் ஒடியலும்தான் பல வீடுகளில் அடுப்பை எரிய வைத்தன. அந்தக் காலத்தில் பிள்ளையாக இருந்தவர்கள் இன்று தாய் தகப்பன். தாங்கள் ஏங்கியதை எல்லாம் பிள்ளை அனுபவிக்க வேண்டும் என்று நினைக்கிறார்கள், அதில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை. ஆனால் குரக்கனும் மரவள்ளியும் அவர்கள் மனதில் கஷ்டகாலத்துச் சாப்பாடாகப் பதிந்துவிட்டன. "பிள்ளைக்கு இதையே கொடுக்கிறது?" என்று ஒரு தாய் என்னிடம் கண் கலங்கிக் கேட்டிருக்கிறார். பிள்ளைக்கு அந்த நினைவு கிடையாது. முகத்தைச் சுளிக்காமல் நீங்கள் பரிமாறினால் அவர்களுக்கு அது வெறும் புட்டு.

வெளியில் சிநேகிதரோடு சாப்பிடுவதை முழுதாகத் தடுக்கப் பார்க்காதீர்கள். அந்த வயதில் கடைக்குப் போவது பசிக்காக மட்டும் இல்லை. கிழமைக்கு ஒரு நாள் என்று அவனோடு பேசி வையுங்கள். மாலையில் யாழ்ப்பாணத்துச் சாப்பாட்டுக்கடைகளில் தோசை, இடியப்பம், அப்பம் எல்லாம் சுடச்சுடக் கிடைக்கிறது, கொத்து அடிக்கிற நேரத்துக்குள் தோசை வந்துவிடும். எங்கள் யாழ்ப்பாணத் திருநெல்வேலியில் பெண்கள் சமைத்து நடத்துகிற அம்மாச்சி உணவகத்துக்கு ஒரு நாள் குடும்பமாகப் போய் வாருங்கள். ஊர்ச் சாப்பாட்டைக் கண்முன்னே செய்து கொடுக்கிறார்கள், விலையும் கையைக் கடிக்காது. கொத்துத்தான் வேண்டும் என்ற நாளில் இடியப்பக் கொத்துக் கேட்கலாம். மரக்கறியும் முட்டையும் கூடப் போட்டு, எண்ணெய் குறைத்துத் தரச் சொன்னால் பெரும்பாலும் செய்து தருவார்கள். ஒரு தட்டை இரண்டு பேர் பகிர்ந்தால் அளவும் சரி.

மகளின் நூடில்ஸுக்கு வருகிறேன். உடனே நிறுத்தினால் அழுகையும் சண்டையும்தான் மிஞ்சும். கிழமைக்கு இரண்டு தடவை என்று வையுங்கள். உப்பின் பெரும்பகுதி அந்த மசாலாப் பொட்டலத்தில்தான் இருக்கிறது, பாதியைப் போட்டு மீதியை எறிந்து விடுங்கள். ஒரு பைக்கற்றுக்கு ஒரு முட்டை, அதே அளவு மரக்கறி. மற்ற நாட்களில் இடியப்பத்தை அதே மாதிரித் தாளித்துக் கொடுங்கள். நீளமாக, வழுவழுப்பாக, உறைப்பாக இருந்தால் பதினொரு வயதுப் பிள்ளைக்குப் பெரிய வித்தியாசம் தெரியாது. காலையில் நேரம் இருக்கும் நாளில் வல்லாரையோ முசுட்டையோ போட்ட இலைக்கஞ்சி ஒரு கோப்பை குடித்துவிட்டுப் பள்ளிக்கூடம் போனால் பத்து மணி இடைவேளையில் பணிஸைத் தேடாது.

சலரோகப் பயம் பற்றியும் கேட்டீர்கள். தாத்தா, பாட்டிக்கு இருப்பதால் கட்டாயம் வரும் என்று இல்லை, வரக்கூடிய வாய்ப்பு கூடுதல், அவ்வளவுதான். உங்கள் மகனின் கழுத்தின் பின்பக்கத்தையும் கக்கத்தையும் ஒருமுறை நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். தோல் கறுத்து, தடித்து, வெல்வெட் போல இருந்தால் அது அழுக்கு இல்லை, தேய்த்துக் கழுவினாலும் போகாது. உடலில் இன்சுலின் சரியாக வேலை செய்யவில்லை என்பதற்கு அது ஓர் அடையாளமாக இருக்கலாம். அதோடு இடுப்பும் பெருத்து வந்தால், அல்லது அடிக்கடி தாகம், இரவில் பலமுறை சிறுநீர், காரணமில்லாத களைப்பு, மெலிவு என்று ஏதும் இருந்தால், தாமதிக்காமல் வைத்தியரிடம் காட்டி இரத்தத்தில் சீனியைப் பார்க்கச் சொல்லுங்கள். பிள்ளையிடம் "கொத்துச் சாப்பிட்டதால்தான் இப்படி" என்று மட்டும் சொல்ல வேண்டாம். கணவரும் கூடப் போய், அதே நாளில் தன்னுடைய இரத்தத்தையும் சோதித்துக்கொண்டால் அவனுக்குப் பயம் குறையும்.